ஒன்பதாம் எண் பெட்டி

சென்னை, கிண்டி
12.6.1978

அன்புள்ள உலகுவுக்கு,

ரயில் பார்சலில் ஒரு மரப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை தென்காசிக்கு வந்துவிடும். ரசீது இதோடு இருக்கிறது. நீயே போய் எடு. வேறு யாரையாவது அனுப்பினால் தூக்கிப் போடுவார்கள். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஒன்பது காது மிஷின்கள் இருக்கின்றன. உன் வகுப்பில் இருக்கும் காது மந்தமான பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று.

ஏழு மாத வேலை இது. பெட்டியை நெஞ்சில் கட்டிக்கொள்ளத் துணிப்பை உண்டு. அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். பக்கவாட்டில் சின்னச் சக்கரம் ஒன்று, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பூஜ்யத்தில் அணைந்திருக்கும், திருப்பத் திருப்பச் சத்தம் கூடும். பிள்ளைகளே திருப்பிக்கொள்ளும்படி செய்திருக்கிறேன். அதுதான் கம்பெனி முதலாளிக்கு நான் காட்டிய பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால் ஐந்நூறு பெட்டி செய்யலாம் என்று சொல்லிவிட்டார்.

படிவமும் வைத்திருக்கிறேன். பத்துக் கேள்விகள். பெட்டி லேசாக இருக்கிறதா, சக்கரத்தைத் திருப்ப முடிகிறதா, டீச்சர் பேசுவது கேட்கிறதா, இப்படி. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக மூன்று முகம் வரைந்திருக்கிறேன். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். எது என்று தொட்டுக் காட்டினால் போதும்.

ஒன்பதாம் எண் நம் நீலாவுக்கு. அதற்குள் போட்ட ஒவ்வொரு உறுப்பையும் நானே பற்றவைத்தேன். சித்திரை லீவில் வந்தபோது முதல் பெட்டியை மாட்டிவிட்டு, "கேக்குதா கண்ணு?" என்று கேட்டேனே, "கேக்குது" என்றாளே, அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து காது போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மா, அப்பா என்ற இரண்டும்கூட அவள் வாயிலிருந்து உதிர்ந்துபோன பிறகு வந்த சொல் அது. அதற்காகத்தானே கோயில் வாசலில் இருந்த ரேடியோ கடையை மூடிவிட்டு இங்கே வந்து கிடக்கிறேன்.

ஒன்றே ஒன்று. அவள் கையைக் காட்டி எதையும் கேட்டால் நீ கொடுக்காதே. தண்ணீர் என்றால் தண்ணீர் என்று வாயால் சொல்லட்டும். கை பேச ஆரம்பித்தால் வாய் பேசாது. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

பால்வண்ணநாதன்


மேலகரம்
3.7.1978

அன்புள்ள நீலா அப்பாவுக்கு,

பெட்டிகள் உடையாமல் வந்தன. இரண்டு வாரம் மாட்டிப் பார்த்துப் படிவங்களை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். சாரல் இந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. துணிப்பைகள் காய மாட்டேன் என்கின்றன. அடுப்பு மேல் கயிறு கட்டிக் காயப்போடுகிறேன்.

ஒன்பது பிள்ளைகளும் பத்துக் கேள்விக்கும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள். ஒன்பது பேரும் சிரிக்கிற முகத்தையே தொட்டார்கள். வடகரையிலிருந்து வருகிற கிதிர் முகம்மது, தெரியுமில்லையா, முன்பல் விழுந்த பையன், அவன் நான் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் தொட்டுவிட்டான்.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. நேற்று சும்மா ஒரு கேள்வியை நானாகச் சேர்த்தேன். பெட்டியைக் காட்டி, பல்லைக் கடித்துக் காட்டி, "இது கடிக்குமா?" என்று கேட்டேன். ஒன்பது பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நீலாவும்.

அதையும் எழுதினால்தான் சரி என்று எழுதுகிறேன்.

நீலா பெட்டியைக் கழற்றவே விடுவதில்லை. குளிக்கிற நேரம் மட்டும்தான். எப்போதும் பத்தில் வைத்துக்கொள்கிறாள். பேட்டரி ஐந்து நாளில் தீர்ந்துபோகிறது. இன்னும் பத்துப் பதினைந்து அனுப்புங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம், அவர்கள் பெட்டியில் பேட்டரி அப்படியே இருக்கிறது.

உலகம்மாள்


சென்னை
14.7.1978

அன்புள்ள உலகுவுக்கு,

உன் படிவங்களை முதலாளியின் மேஜையில் பரப்பி வைத்தேன். தொண்ணூறு ஆமாம்! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பேட்டரி விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். வெளிநாட்டுப் பெட்டியில் பத்து நாள்தான் தாங்குமாம். நம் பெட்டியில் ஒரு மாதம் ஆகப்போகிறது, இன்னும் தீரவில்லை என்றால் சும்மாவா?

நீலாவுடையது மட்டும் தீர்கிறது என்று எழுதினாய். நான் அதை முதலாளியிடம் எப்படிச் சொன்னேன் தெரியுமா? என் மகள் ஒரு நிமிஷம்கூட அதை அணைப்பதில்லை சார், அவளுக்குக் கேட்டுத் தீரவில்லை என்றேன். அவரும் சிரித்தார்.

கடிக்குமா என்றெல்லாம் கேட்டுப் பிள்ளைகளைக் குழப்பாதே. அது விளையாட்டுக் கேள்வி. விளையாட்டாகப் பதில் சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்டு கடைசியில் ஐந்நூறு பெட்டியையும் அச்சில் வார்க்க ஆரம்பிக்கிறோம். பேட்டரி அனுப்பியிருக்கிறேன். நீலாவுக்குச் சிவப்பு ரிப்பனும் உள்ளே இருக்கிறது.

பால்வண்ணநாதன்


மேலகரம்
20.8.1978

நீலா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அச்சு போடுவதற்குள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் இன்றைக்கு எப்படியும் போட்டுவிடுவேன்.

உங்கள் படிவத்தைத் தலைமையாசிரியை சுகிர்தம் டீச்சரிடம் காட்டினேன். அவர்கள் ஒரு நாள் என் வகுப்புக்கு வந்து கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது, "ஏட்டி உலகு, நீ பெட்டியப் பத்திக் கேக்க. பிள்ளைக ஒன் மூஞ்சியப் பாத்துல்லா பதில் சொல்லுது. நீ சந்தோசப்படணும்னு தலையாட்டுது. ஆறு வயசுப் பிள்ளைட்ட டீச்சர் கேட்டா அது இல்லன்னு சொல்லுமா?" என்றார்கள்.

அன்றோடு கேள்வி கேட்பதை விட்டேன். ஒரு மாதமாக வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில், பாயில், பீன்ஸ் ஆய்கிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். யார் தப்பாக மாட்டினாலும் கை கொடுப்பதில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டம். கை தானாகப் போகிறது. மடியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். கால் மணி நேரத்துக்கு மேல் எதையும் இழுப்பதில்லை, கொட்டாவி விட்டால் அதோடு சரி.

பாவூர்சத்திரத்திலிருந்து வருகிற இராமலட்சுமி நாலு நாள் வரவில்லை. திரும்பி வந்ததும், பெட்டியை எப்படி மாட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடு என்று கிதிர் முகம்மதுவிடம் விட்டுவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அவன் பையைக் கட்டிவிட்டான், காதில் செருகினான், பிறகு பெரிய ரகசியம் சொல்லுகிற மாதிரி என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சக்கரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். "இப்பிடி வெச்சிக்க. அப்பத்தான் வலிக்காது" என்றான்.

எட்டுப் பேரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வந்த மூன்றாம் நாளிலிருந்து. பெஞ்சு இழுபடுகிற சத்தமும் பெட்டியில் துணி உரசுகிற சத்தமும்தான் அவர்களுக்குப் பெரிதாகக் கேட்கிறது, என் குரல் இல்லை. உங்கள் பேட்டரி தீராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அது சரிசெய்யக்கூடியது என்றுதான் நினைக்கிறேன். சக்கரம் அவர்கள் விரலுக்கு வழுக்குகிறது. சிலேட்டு மேல் குனிந்தால் பெட்டி முன்னால் தொங்கி எழுத்தை அழித்துவிடுகிறது, முதுகுப் பக்கமும் ஒரு வார் வேண்டும். ஐந்தில் நிறுத்தி, பையின் உள்பக்கம் வெல்வெட்டுத் துணி தைத்துக் கொடுத்தேன். இராமலட்சுமி இரண்டு நாளாக அணைக்கவில்லை. நேற்று வெளியே ஐஸ்காரன் மணி அடித்ததற்கு எனக்கு முன்னால் திரும்பிப் பார்த்தாள். உங்கள் பெட்டி வேலை செய்கிறது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

இனி எழுதப்போவதையும் நம்ப வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நீலா கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காதிலிருந்த குமிழ் கழன்று நெஞ்சில் பெட்டி மேலேயே விழுந்துவிட்டது. பத்தில் இருந்ததால் கீ என்று ஒரு விசில். வகுப்பே காதைப் பொத்திக்கொண்டது. பக்கத்து வகுப்பிலிருந்து டீச்சர் ஓடி வந்தார்கள். காது மந்தம் என்று நாம் சொல்கிற எட்டுப் பிள்ளைகளும் நீலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நீலா மட்டும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் அவளுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கும் வைத்ததுதான். கையில் புளியங்கொட்டை கொடுத்துத் திரும்பி உட்கார வைப்பேன். பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டுவேன். கேட்கும்போதெல்லாம் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். சரி, தப்பு என்று முகத்தில்கூடக் காட்ட மாட்டேன். நீலா போட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகுதான் சுவரைப் பார்த்தேன். என் கை நிழல் ஏறி இறங்கும்போதெல்லாம் போட்டிருக்கிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டினேன். நாற்பது தடவை தட்டியிருப்பேன். ஒன்றுகூடப் போடவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லையே என்று திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கையில் மிச்சமிருந்த கொட்டைகளை எல்லாம் மொத்தமாகக் கிண்ணத்தில் கொட்டிவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்குக் கேட்கவில்லை. இந்தப் பெட்டியில் ஒரு நாளும் கேட்டதில்லை.

உலகம்மாள்


சென்னை
28.8.1978

உலகம்மாளுக்கு,

குமிழைச் சரியாக அழுத்தி மாட்டத் தெரியாமல் பெட்டியைக் குறை சொல்கிறாய். வெல்வெட்டுத் துணி தைக்கிறாயாம். நான் ஏழு மாதம் செய்ததை நீ ஊசி நூலால் சரிசெய்துவிட்டாய், சந்தோஷம்.

என்னிடம் அவள் வாயால் சொன்னாள். கேக்குது என்று சொன்னாள். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். புளியங்கொட்டை உனக்கு அதைவிடப் பெரிதாகிவிட்டதா? அவளைப் பாளையங்கோட்டை ஊமைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தள்ள வேண்டும் என்று சுகிர்தம் டீச்சர் போன வருஷமே சொன்னார்கள். இப்போது அதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

முதலாளிக்கு ஒரு வரி எழுதக்கூடாது. அச்சு வேலை ஆரம்பித்தாகிவிட்டது.

பால்வண்ணநாதன்


மேலகரம்
11.1.1979

நீலா அப்பாவுக்கு,

நாலு மாதமாக நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதிய மறுவாரமே முதலாளிக்கு எழுதினேன். எட்டுப் பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான். நீலாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐந்நூறு வீட்டுப் பிள்ளைகள் சக்கரத்தைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டுவார்கள் என்பதை நினைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

புரட்டாசியில் நீலாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா அரை நாள் சோதித்தார்கள். நரம்பு செத்துவிட்டது, எந்தப் பெட்டி வைத்தாலும் கேட்காது என்றார்கள். "ஒங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லம்மா. எல்லா அப்பாவும் இப்பிடித்தான் கேக்காங்க, எல்லாப் பிள்ளையும் இப்பிடித்தான் சொல்லுது" என்றார்கள். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். கோபத்தில் எழுதவில்லை. அது என் தப்பு.

நேற்றுதான் அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தேன். பெட்டி வேண்டாம் என்று வீட்டிலேயே எடுத்து வைத்திருந்தேன். அவளே தேடி எடுத்து மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். மேல் உதட்டில் விரலை வைத்து மீசை முறுக்கிக் காட்டினாள். அப்பா வருவாரா என்று கேட்கிறாள். அது அவளாகக் கண்டுபிடித்தது. நீங்கள் சொன்னபடி இத்தனை வருஷமும் அவள் கைக்கு நான் பதில் சொன்னதில்லை. தண்ணீர் வேண்டும் என்று கட்டைவிரலை வாயில் வைப்பாள். நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லு என்று நிற்பேன். ஒரு நாள் அழுது அழுது தண்ணீர் குடிக்காமலேயே தூங்கிப்போனாள். இதை உங்களுக்கு நான் சொன்னதில்லை.

நேற்று பஸ்ஸில் முதல்தடவையாக என் கையால் பதில் சொன்னேன். தெரியாது என்று விரித்துக் காட்டினேன். அவள் பெட்டியைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் விட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டுக்குப் பின்னால் நின்றாள். அழவில்லை. நான் அழாமல் இருக்கிறேனா என்று பார்த்தாள். நான் சிரித்ததும் அவளும் சிரித்தாள்.

உலகம்மாள்


சென்னை
6.8.1980

அன்புள்ள உலகுவுக்கு,

ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் அறிக்கையைப் படித்த அன்றே முதலாளி அச்சை நிறுத்திவிட்டார். சக்கரம் மாறியது, முதுகு வார் வந்தது, பையில் மெத்தைத் துணி வந்தது. பிள்ளைகளிடம் கேட்காதே, பக்கத்தில் உட்கார்ந்து பார் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். யாரிடமிருந்து கற்றேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் பாளையங்கோட்டைக்குப் போனேன். உன்னிடம் சொல்லாமல் போனேன். வார்டன் என்னை வராந்தாவில் நிற்கச் சொன்னார். சாயங்காலம் விளையாட்டு நேரம். வேப்பமரத்தடியில் ஆறேழு பெண்பிள்ளைகள். நடுவில் நீலா நின்று எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையும், புருவமும், தோளும் எல்லாம் சேர்ந்து என்னவோ ஒரு கதை. யாரோ வழுக்கி விழுந்த கதை போலிருக்கிறது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு பெண் ஏதோ குறுக்கே கேட்கிறாள், நீலா அவளை அடக்கிவிட்டுத் தொடர்கிறாள். என் மகள் அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது உலகு. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அங்கே காது கேட்காதவன் நான்தான் என்று தோன்றியது.

பிறகு அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

கை இரண்டும் அப்படியே நின்றன. மெதுவாகப் பாவாடைக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள். என் பக்கம் நடந்து வந்தாள். அந்தப் பெட்டி நெஞ்சில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். பயந்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "கேக்குது" என்றாள். பிறகு இன்னும் சத்தமாக, "கேக்குது, கேக்குது" என்றாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையால் ஏதாவது சொல்லலாம் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. கொண்டுபோன பூந்தியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். சிநேகிதிகள் கையசைத்துக் கூப்பிட்டதும் என்னைப் பார்த்தாள், போ என்று தலையாட்டினேன். ஓடிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் மேலகரம் வருவாள் என்று வார்டன் சொன்னார். நானும் வரட்டுமா? அவளுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்குமா என்று கேட்டு எழுது.

பால்வண்ணநாதன்


மேலகரம்
29.12.1980

நீலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். லீவு வரட்டும் என்று இருந்தேன்.

நீலா வந்து ஐந்து நாள் ஆகிறது. உயரமாகிவிட்டாள். எனக்குக் கைப்பேச்சு சொல்லிக்கொடுக்கிறாள். நான் தப்பாகச் செய்தால் என் விரலைப் பிடித்துத் திருப்பி வைக்கிறாள், ரொம்பக் கண்டிப்பான டீச்சர். நேற்று குற்றாலத்துக்குப் போனோம். அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது, கூட்டமும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதிர்வதை என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அதற்கு அவர்கள் பள்ளியில் ஒரு சொல் இருக்கிறது. வாயால் சொல்ல முடியாது, நேரில்தான் காட்ட வேண்டும்.

அப்பா வரட்டுமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாள். உங்களைப் பிடிக்குமா என்றாலும் ஆமாம், பெட்டியை மறுபடி மாட்டட்டுமா என்றாலும் ஆமாம். என் முகத்தை எவ்வளவு கல்லாக வைத்துக்கொண்டாலும் அதில் எதையாவது கண்டுபிடித்துவிடுவாள்.

அதனால் உங்கள் கடிதம் வந்திருப்பதையும், நீங்கள் வரலாமா என்று கேட்டிருப்பதையும் மட்டும் மத்தியானம் அவளுக்குச் சொன்னேன். என் கையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் விளையாடப் போய்விட்டாள். சாயங்காலம் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கச் சொன்னேன். அப்பா வந்தால் எப்படி வைப்பாய், அப்படி வைத்துக் காட்டு என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். ரசத்துக்குத் தாளிக்கிற மாதிரி அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தேன். மூன்று தட்டு இருந்தது. எனக்கு உடனே உங்களுக்குத் தந்தி கொடுக்க வேண்டும் போலிருந்தது. பிறகுதான் கவனித்தேன். எனக்கும் உங்களுக்கும் அடுக்களை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். தன் தட்டைத் தள்ளி, வாசல் கதவுப் பக்கம், நமக்கு முதுகு காட்டி உட்காருகிற மாதிரி வைத்திருந்தாள். அங்கே உட்கார்ந்தால் உங்கள் வாயையும் பார்க்க வேண்டியதில்லை, முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. உங்கள் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பளத்தைப் பாதியாக உடைத்து எனக்குக் கொடுத்தாள்.

இந்த லீவுக்கு வர வேண்டாம். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

உலகம்மாள்